நீரிற் கரைந்த மருந்தும் காந்தத்தின் தொண்டும்

(சங்கத்தின் அறிவியற் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சற்றுப் புதுமையானது. கழிவுநீரிற் கலந்துவிட்ட நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைக் காந்தத்தின் துணைகொண்டு அகற்றுவது எங்ஙனம் என்பதே அது. "இஃது ஆய்வுகூடத்தாரின் வேலை, இதிலே நமக்கென்ன?" என்று எண்ணுவோரும் இவ்வவையிலே இருத்தல் கூடும். ஆனால் இக்கதை நம் வீட்டு மருந்துப் பெட்டியிலே தொடங்கி, நாம் நீர் அள்ளும் கிணற்றிலும் குளத்திலும் ஆற்றிலும் சென்று முடிகின்றது. ஆதலின் சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

'அன்ரிபயோற்றிக்' என்று பலரும் வழங்கும் இம்மருந்துகள் மனித குலத்துக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. 1928 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் சென் மேரிஸ் வைத்தியசாலையில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர் பெனிசிலினைக் கண்டார். புளோரி, செயின் என்னும் இருவர் பின்னர் அதனை நோயாளருக்குப் பயன்படும் மருந்தாக்கினர். 1945 இலே மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசை ஏற்று ஆற்றிய உரையிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். போதிய அளவின்றிக் குறைவாக மருந்தை உண்போர், கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சியே அளிப்பர் என்பது அவர் கருத்து. பிள்ளை பெற்ற தாய்மாரும், நிமோனியா கண்ட குழந்தைகளும், சிறு காயம் சீழ்கொண்ட தொழிலாளரும் மடிந்த காலம் இம்மருந்துகளால் மாறியது. அந்த எச்சரிக்கையோ பெரும்பாலும் காற்றிலே விடப்பட்டது.

நாம் விழுங்கும் மாத்திரை உடலுக்குள்ளே முற்றாக அழிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சிப்ரோபுளொக்சசின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்த்தொற்று முதலிய நோய்களுக்கு வைத்தியர் கொடுப்பது அது. வாயால் உண்ட அளவிலே நூற்றுக்கு 40 முதல் 50 வீதம் வரை எவ்வித மாற்றமுமின்றிச் சிறுநீரோடு வெளியேறுகின்றது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்றால், ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் மலசலகூடத்தின் வழியாக மண்ணுக்கோ வாய்க்காலுக்கோ போய்ச் சேருகின்றது. வைத்தியசாலைகளின் கழிவுநீர், கோழிப்பண்ணைகளின் கழிவு, மருந்து செய்யும் ஆலைகளின் கழிவு ஆகியனவும் இதனோடு சேர்கின்றன.

கலங்கிய நீரைத் தெளிவிக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்திலே தேய்த்தனர். நீரில் மிதக்கும் நுண்மண் ஒன்றோடொன்று கூடி அடியிலே படிந்தது, நீர் தெளிந்தது. அது நல்ல முறையே. ஆயினும் மிதப்பது வேறு, கரைந்திருப்பது வேறு. கரைந்த மருந்து கண்ணுக்குத் தெரியாது; மணலிலே வடித்தாற் போகாது. கொதிக்கவைத்தாற் கிருமிகள் இறக்கும். ஆனால் சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்து சூட்டைத் தாங்கி நிற்கும். நகரங்களிலே அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இம்மருந்தின் பெரும்பகுதி அழிவதில்லை, சேற்றிலே ஒட்டிக்கொள்கின்றது. அச்சேற்றைப் பசளையாக வயலில் இட்டால் மருந்தும் வயலுக்குப் போகின்றது. ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்துக்குப் போவது நீக்கமாகாது என்பதை இங்கேயே மனத்திற் குறித்துக்கொள்ளுங்கள். இப்பேச்சின் முடிவிலே அது நமக்கு வேண்டும்.

இவ்விடயம் உலகின் கண்ணைத் திறந்தது இந்தியாவிலே. ஐதராபாத் நகருக்கு அண்மையிலே, இன்று தெலுங்கானா மாநிலத்தில் உள்ள பட்டான்செரு என்னும் ஊரில் மருந்து ஆலைகள் பல உள்ளன. ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவுநீர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. அங்கே சுத்திகரிக்கப்பட்டு வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் சோதித்து, 2007 ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். லீற்றர் ஒன்றிலே 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்தது. 500 மில்லிகிராம் மாத்திரையை உண்ட நோயாளியின் இரத்தத்திலே இம்மருந்தின் உச்ச அளவு லீற்றருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் அளவே. எனின், மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தினும் ஏறத்தாழப் பத்து மடங்கு மருந்து அந்த வாய்க்கால் நீரில் இருந்தது! நாளொன்றுக்கு வெளியேறிய சிப்ரோபுளொக்சசின் ஏறத்தாழ 45 கிலோகிராம் என்று அவர்கள் கணித்தனர். 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் அது 90,000 மாத்திரை. தொண்ணூறு இலட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளிலே உண்ட அளவு அது. அந்நீர் சிற்றோடைகளின் வழியாக மஞ்சீரா ஆற்றையும், அதன் வழியாகக் கோதாவரியையும் நோக்கிச் செல்வது.

"கிருமியைக் கொல்லும் மருந்துதானே நீரிற் கலக்கின்றது? கிருமி செத்தால் நல்லதன்றோ?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. பற்றீரியாக்கள் கோடிக்கணக்கிற் பெருகுவன. அவற்றுள்ளே தற்செயலாக மருந்தைத் தாங்கும் வல்லமை பெற்றன சில இருக்கும். மருந்து பரவிய நீரிலே எளியன மடிய, வலியன எஞ்சிப் பெருகும். அவை தம் வல்லமையைப் பிற பற்றீரியாக்களுக்கும் கைமாற்றிக் கொடுக்க வல்லன. கொல்வதற்குப் போதாத அளவு மருந்தும் இத்தெரிவைச் செய்யும். கொல்லும் அளவினும் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்த மருந்திலும் வலிய பற்றீரியாக்கள் முந்திக்கொள்கின்றன என்பதைச் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தார் 2011 இலே சோதனையாற் காட்டினர்.

இதன் விலை சிறிதன்று. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019 ஆம் ஆண்டிலே உலகெங்கும் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்றும், அத்தகைய தொற்றோடு தொடர்புற்ற மரணங்கள் 49 இலட்சத்து 50 ஆயிரம் என்றும் 2022 இலே வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகின்றது. இவையாவும் கழிவுநீரால் வந்தன என்று நாம் கூறவில்லை. மருந்தை வேண்டாத இடத்தில் உண்பதும் அரைகுறையாக உண்பதும் பெருங் காரணங்கள். ஆயினும் கழிவுநீர், அடைக்கப்படாத ஒரு வாசல்.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். நீரிற் கரைந்ததைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. அது கரி. கடற்பஞ்சு நீரைத் தன் உடலுக்குள்ளே இழுப்பது உறிஞ்சல். கரியோ தன் மேற்பரப்பிலே பொருளை ஒட்டவைத்துக்கொள்கின்றது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். கரித்துண்டின் உள்ளே எண்ணிறந்த நுண்துளைகள் உள்ளன. அத்துளைச் சுவர்கள் யாவும் மேற்பரப்பே. நன்கு உயிர்ப்பூட்டிய கரி ஒரு கிராமிலே ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் பரப்பு இருக்கும். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, அதற்கு நீராவியால் உயிர்ப்பூட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழில் நம் இலங்கையிலே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. நாம் சாம்பலென்று ஒதுக்கும் பொருளின் அருமை பிறநாட்டார் அறிந்தது.

கரியைப் போலவே இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த பொருள்களும் இம்மருந்துகளைப் பிடிக்கும். ஏன் என்பதற்கு விடை வைத்தியரின் வாய்மொழியிலேயே இருக்கின்றது. தெற்றாசைக்கிளின், சிப்ரோபுளொக்சசின் ஆகியவற்றைக் கொடுக்கும்போது, "பாலோடு உண்ணாதீர், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உண்ணாதீர்" என்று வைத்தியர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். பாலில் உள்ள கல்சியமும் மாத்திரையில் உள்ள இரும்பும் அம்மருந்தை நண்டு தன் கவ்வுகாலாற் கவ்வுவதுபோற் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட மருந்து குடலால் இரத்தத்திற் சேராமல் வீணாகின்றது. நோயாளிக்குத் தீங்கான இதே பற்று, கழிவுநீரைச் சுத்திகரிப்போனுக்கு நன்மையாகின்றது. வயிற்றிலே வேண்டாத சேர்க்கையை வாய்க்காலிலே வேண்டிச் செய்கின்றான், அவ்வளவே.

பிடித்தாயிற்று, பிடித்த தூளை நீரிலிருந்து எடுப்பது எப்படி? இதுவே இத்துறையின் நெடுநாட் சிக்கல். தூள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மேற்பரப்பு மிகும். அவ்வளவு விரைவாக மருந்தைப் பிடிக்கும். ஆனால் நுண்ணிய தூள் எளிதில் அடியிலே படியாது, வடியை அடைத்துக்கொள்ளும். இந்த இடத்திலேதான் காந்தம் கைகொடுக்கின்றது.

மக்னறைற்று என்பது இயற்கையிலே கிடைக்கும் கரிய இரும்பு ஒட்சைட்டு, காந்தத்தால் ஈர்க்கப்படுவது. ஆய்வுகூடத்திலே இதனைச் செய்வது கடினமன்று. இருவகை இரும்பு உப்புக்களை ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்திலே நீரிற் கரைத்து, காரத்தைச் சேர்த்தாற் கரிய வீழ்படிவு தோன்றும். அதன் துணிக்கை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நானோமீற்றர் குறுக்களவினதாக இருக்கும். ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரிலே பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அத்தகைய தூள் ஒரு கிராமின் மேற்பரப்பு 100 சதுர மீற்றருக்கு மேற்பட்டது. இத்தூளைச் சிரட்டைக்கரியின் மேலோ, உமிக்கரியின் மேலோ, இறால் நண்டு ஓடுகளினின்று எடுக்கப்படும் கைற்றோசான் என்னும் பொருளோடோ சேர்த்து ஆய்வாளர் பலவகைக் காந்தப் புறத்துறிஞ்சிகளை ஆக்கியுள்ளனர். கரி மருந்தைப் பிடிக்கும். இரும்பு காந்தத்துக்குக் கைப்பிடியாகும்.

இத்துணை நுண்ணிய மக்னறைற்றுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. காந்தம் அருகில் இருக்கும் வரைக்கும் அதுவும் காந்தமாகும். காந்தத்தை அகற்றினாற் காந்தத்தன்மையை இழந்துவிடும். ஆதலின் நீரிலே தூவும்போது துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றித் திரளாமல் எங்கும் பரவி மருந்தைத் தேடிப் பிடிக்கும். பின்னர்ப் பாத்திரத்தின் பக்கத்திலே வலிய காந்தத்தை வைத்தால் யாவும் அப்பக்கமாக ஒதுங்கும். தெளிந்த நீரை வார்த்துவிடலாம். காந்தத்தை எடுத்துக் கழுவினால் மீண்டும் பயன்படுத்தலாம். 2006 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தார் 12 நானோமீற்றர் மக்னறைற்றைக்கொண்டு நீரிலிருந்து ஆசனிக்கு என்னும் நஞ்சைப் பிடித்து, எதிர்பார்த்ததினும் மெலிந்த காந்தப் புலத்தாலேயே அத்தூளைப் பிரித்துக் காட்டினர்.

காந்தத்தாற் பிரிக்கும் தொழில் நமக்கு அந்நியமானதன்று. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலிலிருந்து இல்மனைற்றைப் பிரிப்பதும் காந்தமே. இல்மனைற்று காந்தத்தின்பாற் செல்ல, றூற்றைலும் சேர்க்கனும் செல்லாமல் நிற்கும். நீர்த்துறையிலும் இம்முறை பெருமளவிலே கையாளப்பட்டதுண்டு. 2001 ஆம் ஆண்டிலே தென் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் பிளசண்ட் என்னும் ஊரிலே, காந்தப்பொருள் கலந்த பிசின் மணிகளால் குடிநீரிற் கரைந்த சேதனப் பொருளை அகற்றும் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கு அகற்றியது மருந்தையன்று. எனினும் காந்தத் துணிக்கையை ஊர் அளவிலே பயன்படுத்தலாம் என்பதற்கு அது சான்று.

இதுவரை கேட்டவற்றால், "இனிக் கவலையில்லை, காந்தம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒருவரும் எழுந்து போய்விடலாகாது. பிறிதொரு பக்கமும் உண்டு. அதனை மறைப்பது விஞ்ஞானத்துக்கு அழகன்று.

முதலாவது, ஆய்வுகூடத்திலே தூய நீரில் ஒரேயொரு மருந்தைக் கரைத்துச் சோதிப்பது வழக்கம். மெய்யான கழிவுநீரிலோ உப்பும் கொழுப்பும் அழுகிய பொருள்களும் நிறைந்துள்ளன. பந்தியிலே பத்துப்பேர் இருக்க வேண்டிய இடத்தை நூறுபேர் வந்து பிடித்துக்கொள்வதுபோல, அவையும் துணிக்கையின் மேற்பரப்பிலே இடம் பிடிக்கும். இரண்டாவது, நீரின் புளிப்பும் காரமும் மாறினாற் பிடிப்பும் மாறும். மிகு புளிப்பிலே இரும்பே கரைந்து போகும். மூன்றாவது, ஒவ்வொரு முறை கழுவும்போதும் துணிக்கையின் வலிமை சிறிது சிறிதாகக் குறையும்.

நான்காவது யாவற்றினும் பெரியது. பிடிக்கப்பட்ட மருந்து எங்கே போகின்றது? துணிக்கையைக் காரத்தாலோ மதுசாரத்தாலோ கழுவினால் மருந்து கழுவிய நீருக்கு மாறும். அந்நீரை மறுபடியும் வாய்க்காலிலே ஊற்றினால் நாம் செய்தது என்ன? சேற்றை வயலில் இட்ட கதைதான். பிடித்த மருந்தைப் போதிய வெப்பத்தில் எரித்தோ, இரசாயன முறையிலே சிதைத்தோ அழித்தாலன்றி இவ்வேலை முடிந்ததாகாது. நூற்றுக்கு 99 வீதம் அகற்றினோம் என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் பல. அகற்றியதை என் செய்தோம் என்று எழுதுவன அவற்றினும் குறைவு.

அடுத்து, எங்கே பிடிப்பது என்னும் வினா. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பட்டான்செருவிற் கண்டதுபோல லீற்றருக்கு 31 மில்லிகிராம் மருந்துள்ள நீராயின், ஒரு கிலோகிராம் மருந்தைப் பிடிக்க ஏறத்தாழ 32,000 லீற்றர் நீரைச் சுத்திகரித்தாற் போதும். அம்மருந்தே ஆற்றிற் கலந்து லீற்றருக்கு ஒரு மைக்குரோகிராமாக மெலிந்துவிட்டால், அதே ஒரு கிலோகிராமைப் பிடிக்க 100 கோடி லீற்றர் நீரைச் சுத்திகரிக்க வேண்டும். எத்தகைய காந்தத்தாலும் ஓர் ஆற்றை முழுவதும் துழாவ இயலாது. ஆகவே பிடிக்க வேண்டிய இடம் ஆலையின் வாசல், வைத்தியசாலையின் வாசல். நீரைக் கெடுத்தவன் தன் எல்லைக்குள்ளே சுத்திகரிப்பது எளிது. கீழே வாழும் ஏழை உழவன் தன் கிணற்றிலே சுத்திகரிப்பது இயலாதது. இது வெறும் இரசாயனக் கணக்கன்று. நீதியின் கணக்கும் ஆகும்.

அந்நீதி தானாக வருவதில்லை. இந்திய அரசு 2020 சனவரியிலே மருந்து ஆலைகளின் கழிவுநீரிலே நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு உச்ச அளவு விதிக்கும் வரைவொன்றை வெளியிட்டது. 2021 ஆகத்திலே இறுதி விதிகள் வந்தபோது அவ்வளவுகள் அவற்றில் இடம்பெறவில்லை. பின்னர் 2024 செப்தெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இவ்வகை ஆலைகளின் கழிவுக்கென முதன்முறையாக வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வழிகாட்டி சட்டமன்று. கருவி இருக்கின்றது, அதனைக் கையாளுமாறு கேட்போர் வேண்டும்.

கேட்பவர் யார்? இளைஞர்களே, உங்களுள் இரசாயனமும் பொறியியலும் கற்போர் பலர் இருக்கின்றீர்கள். புதிய புறத்துறிஞ்சி ஒன்றைப் பற்றி எங்கே கேட்டாலும் மூன்று வினாக்களை விடாது வினவுங்கள். மெய்யான கழிவுநீரிலே சோதித்தீர்களா? எத்தனை முறை கழுவிப் பயன்படுத்தலாம்? பிடித்த மருந்தை எங்ஙனம் அழிக்கின்றீர்கள்? இம்மூன்றுக்கும் விடை கூறவல்லதே வாய்க்காலுக்கு உதவும் ஆராய்ச்சி. சிரட்டையும் உமியும் இறால் ஓடும் நம் நாட்டிலே குறைவின்றிக் கிடைப்பன. ஆராய விரும்புவோர்க்கு மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

ஏனையோர்க்கும் பங்கு உண்டு. காந்தம் வேண்டாத சுத்திகரிப்பு வீட்டிலேயே தொடங்குகின்றது. தடிமனுக்கும் வைரசுக் காய்ச்சலுக்கும் இம்மருந்து பயன்படாது. வைத்தியரின் சீட்டின்றி அதனை வாங்காதீர்கள். கொடுத்த மருந்தை அவர் சொன்னவாறு உண்ணுங்கள். அயல்வீட்டாரின் மிச்ச மாத்திரையை உண்ணாதீர்கள். பழைய மாத்திரைகளை மலசலகூடத்திலோ கிணற்றடி வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மருந்தாளரிடம் வழி கேட்டறிந்து ஒப்படையுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்திலே மேலே ஊற்றியது வெடிப்புக்களின் வழியாக விரைந்து கீழே இறங்கும். நிலத்தடி நீருக்கு வேலியில்லை. கோழி வளர்ப்போர் நோயில்லாத கோழிக்கு இம்மருந்தைத் தீனியோடு கலந்து கொடுப்பதை விடவேண்டும்.

பெரியோர்களே, உங்களுள் பலர் பெனிசிலின் அரிதாக இருந்த நாட்களைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைக் காய்ச்சலும் நெஞ்சுச்சளியும் எத்தனை வீடுகளை இருளாக்கின என்பதை இளையோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்நாள் திரும்பி வராது என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. மருந்து வலிமையோடு இருக்கும் வரைக்குமே அந்த இருள் விலகி நிற்கும்.

இரும்புத்தூளும் கரியும் காந்தமும் எளிய பொருள்கள். அவற்றாற் பெரிய காரியம் ஆகக்கூடும் என்பதை இன்று கண்டோம். தூய்மை செய்தோம் என்று சொல்லிக்கொண்டு, அழுக்கை அயலான் வளவுக்குத் தள்ளாதிருப்போமாக.